ஒரு சிறுநீரகம் போதுமா?

"ஒன்றைக் கொடுத்தால் பாதி மனிதன், பிறகு தோல் பதனிடும் வேலைக்குப் போக முடியுமா?" சிறுநீரகத் தானம் என்றதும் மேல்விஷாரத்தில் எழும் அச்சம் இது. அருகே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்த பின்னும் இது நீங்கவில்லை.

உடலின் கணக்கு வேறு. ஒன்றை எடுத்ததும் மற்றதன் வழியே பாயும் இரத்தம் கூடுகிறது. சில மாதங்களில், இரண்டும் சேர்ந்து வடிகட்டியதில் 60 முதல் 70 சதவீதத்தை அது ஒன்றே வடிகட்டுகிறது. உடல் தேறியதும் உழைப்புக்குத் திரும்பலாம். பிற்கால ஆபத்து சற்றே கூடுவதால் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும்.

இந்தியாவில் உயிருடன் தானம் செய்வோரில் பெண்களே மிகுதி. "சம்பாதிப்பவர் வேண்டாம்" என்று தாயையும் மனைவியையும் முன்னிறுத்துமுன் எண்ணிப் பாருங்கள்: இந்தக் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.