பழைய வீட்டுக்குப் புதிய தரை

வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு குடும்பத்தில் தோன்றிவிட்டால், அவர்கள் முதலில் செய்யும் காரியம் பெரும்பாலும் கடைக்குப் போவதாகவே இருக்கிறது. அங்கே பிரகாசமான விளக்குகளின் கீழ் பளபளக்கும் தளங்களும் குழாய்களும் மனத்தைக் கவர்ந்துவிட, எந்த வீட்டுக்காக அவற்றை வாங்க வந்தோமோ அந்த வீட்டின் சுவர் எதனால் ஆனது, அங்கே கிடைக்கும் தண்ணீர் எத்தகையது, அந்தத் தரையில் நடமாடும் பாதங்கள் யாருடையவை என்பவற்றை விசாரிக்க அவகாசமே இல்லாமற் போகிறது. கடைக்குப் போகுமுன் தம் வீட்டுத் தரையைக் குனிந்து நிதானமாகப் பார்ப்பது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சென்னையில் மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு முதலிய இடங்களில் 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட வீடுகளில் மொசைக் தளமோ சிவப்பு ஆக்சைடு தளமோ இன்னும் பல இடங்களில் இருந்துவருகிறது. சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டோடு கலந்து பரப்பி, இறுகிய பின் சாணைக்கல்லால் தேய்த்து மெருகேற்றுவதே மொசைக். அதன் நிறம் மேலே பூசப்பட்டதன்று, அந்தப் பரப்பின் கனம் முழுவதும் வியாபித்திருப்பது. ஆகையால் எத்தனை வருஷம் மங்கிக் கிடந்தாலும், இயந்திரத்தை வைத்து மறுபடி தேய்த்தால் உள்ளிருந்து புது முகம் கிளம்பிவிடும். இதை அறியாமல் அதன்மேலேயே புதிய டைல்ஸை ஒட்டச் சொல்லுகிறார்கள். தரை உயர்ந்துவிட, ஒவ்வொரு கதவின் அடியையும் ஆசாரியைக் கொண்டு அறுக்க வேண்டியதாகிறது. குளியலறையில் அப்படிச் செய்தால் படியின் உயரம் குறைந்து, தண்ணீர் கூடத்தை எட்டிப் பார்க்கிறது. தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் மாடியாக இருந்தாலோ, வயதான அந்த விட்டங்களுக்கு அநாவசியமான பாரமும் சேருகிறது.

பழைய தளம் உண்மையிலேயே பயனற்றுப் போய்விட்டதென்று கொத்தனார் சோதித்துச் சொன்ன பிறகு, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பிரச்னை எழுகிறது. இதில் கண்ணை மட்டும் நம்புவது போதாது. சலவைக்கல் அழகானதுதான்; ஆனால் அது முழுவதும் சுண்ணாம்புச் சத்து; புளியும் எலுமிச்சையும் மோரும் தினந்தோறும் சிந்துகிற நம் சமையலறையில், புளிப்புப் பட்ட இடமெல்லாம் மெருகு அரிக்கப்பட்டு வெளிறிய வட்டங்கள் விழுந்துவிடும். கறுப்பாக இருப்பதால் கடப்பைக் கல்லையும் கிரானைட்டின் இனமென்று எண்ணுகிறவர்கள் உண்டு. அதுவும் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்ததே. வாங்குமுன் கல்லின் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றில் சில துளி விட்டு, இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் துடைத்துப் பார்த்தால், விற்பனையாளர் சொல்லாத விஷயம் தெரிந்துவிடும். விட்ரிஃபைட் டைல்ஸ் நீரை உறிஞ்சுவது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. ஆதலால் கறை எளிதில் பிடிக்காது. ஆயினும் மெருகிட்ட வகையில் ஈரம் பட்டால் கால் வழுக்கும். முதியவர் வாழும் வீட்டில், குளியலறைக்கும் துவைக்கும் இடத்துக்கும் சொரசொரப்பான முகமுள்ளவற்றைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தரையைப் பற்றிப் பேசும்போது ஆத்தங்குடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. காரைக்குடிக்கு அருகில் உள்ள அந்தக் கிராமத்தில் கல் செய்யும் முறை நேரில் நின்று பார்க்கத் தக்கது. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் சதுரமான இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூவும் கொடியுமாகத் தடுப்புகள் பிரிந்த உலோக அச்சை இறக்கி, ஆக்சைடு கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் மொண்டு, சிவப்பு இந்த அறைக்கு, மஞ்சள் அந்த அறைக்கு, பச்சை மற்றொன்றுக்கு என்று ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை அசையாமல் மேலே தூக்கும் அந்த ஒரு கணத்தில், தடுப்பு நீங்கியும் நிறங்கள் ஒன்றோடொன்று கலவாமல் தத்தம் எல்லையில் நிற்பது கைப்பழக்கத்தின் சாமர்த்தியம் அன்றி வேறில்லை. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை அப்பி மட்டப்படுத்துகிறார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்து உலர்த்த, கண்ணாடியை விட்டுப் பிரிகிற முகம் அந்தக் கண்ணாடியின் வழவழப்பையே பெற்றுவிடுகிறது. சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை.

இந்தக் கல் நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும் சுபாவமுள்ளது. தேங்காய் எண்ணெயை லேசாகத் தொட்டுத் துடைத்து வந்தால் போதும். கறை போக்குவதாக நினைத்து ஆசிட் ஊற்றுகிறவர்கள் சில நிமிஷத்தில் அதன் முகத்தை நாசமாக்கிவிடுகிறார்கள். சமையல் மேடைக்கு இது உகந்ததன்று; கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் பூஜை அறைக்கும் இதைவிடக் குளிர்ச்சியான தளத்தை நான் மிதித்ததில்லை. ஒரு நிபந்தனை உண்டு: பழகிய கை பதிக்க வேண்டும். மட்டம் பிசகினால் விளிம்புகள் எழும்பி நின்று, பூக்கோலம் முழுவதும் கோணலாகத் தெரியும்.

சுவர் விஷயத்தில் ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழஞ்சுவர், தரையிலிருந்து ஏறும் ஓதத்தைத் தன் மேற்பரப்பு வழியே மெல்ல வெளியேற்றிக்கொண்டே இருப்பது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் தன்மையுள்ள வர்ணமும் ஏறினால், ஈரம் உள்ளேயே அடைபட்டு, அடுத்த மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காக உரிந்து விழும். அங்கே சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்புமே தக்க வைத்தியம். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது செலவு என்று கருதத் தக்கதன்று.

குழாய்களைக் கையில் எடுத்துக் கனம் பாருங்கள். பித்தளையால் வார்த்தது கனமாக இருக்கும். மேலே குரோமியம் ஏறிய மலிவான துத்தநாகக் கலவை இலேசாக இருக்கும், ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் சீக்கிரம் அரித்தும் போகும். உள்ளே தேயும் உறுப்பு நம் ஊர்க் கடையில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வாங்குவது நலம். மூட்டுவலி உள்ளவர்களுக்குத் திருகுவதைவிட நெம்பித் திறக்கும் கைப்பிடி எவ்வளவோ சௌகரியம்.

கதவு, நிலை, ஊஞ்சற்பலகை இவை தேக்கானால், அவற்றைக் கழற்றி விற்க யாருக்கும் சம்மதம் கொடாதீர்கள். பல அடுக்கு வர்ணத்தைச் சுரண்டி எண்ணெய் தேய்த்தபின் அடியில் தெரியும் ரேகைக்கு இணையான மரம் இன்று கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நடுத்தரக் குடும்பத்துக்கு விலை கட்டாது.

கடைசியாக, டைல்ஸ் வாங்கும்போது பெட்டியின்மேல் அச்சிட்ட பேட்ச் எண் எல்லாவற்றிலும் ஒன்றாயிருக்கிறதா என்று பார்த்து, தேவைக்குமேல் ஒரு பெட்டி சேர்த்து வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள். ஐந்து வருஷத்துக்குப் பின் குழாய் பழுதாகித் தரையைத் தோண்ட நேர்ந்தால், அந்தத் தினுசு உற்பத்தியில் இருக்கும் என்ற நிச்சயமில்லை. ஆத்தங்குடிக் கல்லானால், செய்தவரிடம் அச்சு இருக்கிறவரை மறுபடி செய்து வாங்கலாம். நிறம் மட்டும் சற்றே வேறுபடும், அதுவும் நாலு மாதம் நடந்தால் சேர்ந்துவிடும்.