பின்வண்டிக்குப் போகும் ஏழு கம்பிகள்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கோடைகாலத்தில் பிரயாணம் செய்கிறவர்கள், படகையோ குதிரைகளையோ, அல்லது அடுப்பும் படுக்கையும் அடங்கிய ஒரு சிறு வீட்டையோ சுமந்த டிரெய்லரைப் பின்னே பூட்டிக்கொண்டு பிக்கப் டிரக்குகள் ஓயாமல் போய்க்கொண்டிருப்பதைக் காண்பார்கள். இரண்டு வண்டிகளையும் பிணைக்கும் இரும்புக் குமிழையும் காவல் சங்கிலிகளையும் கவனித்துப் பார்க்கிறவர்கள் அநேகர். அவற்றின் பக்கத்திலே தொங்குகிற கறுப்புக் கேபிளைப் பொருட்படுத்துகிறவர்கள் சிலரே. ஆயினும், முன்னே போகிற வண்டி நிற்கப்போகிறதா திரும்பப்போகிறதா என்பதைப் பின்னால் வருகிற அந்நியருக்கு அறிவிப்பதும், டிரெய்லர் பாரமானதாக இருந்தால் அதன் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துவதும் அந்தக் கேபிளின் காரியமே.

சாமானியமான சிறிய டிரெய்லருக்கு நான்கு கம்பிகள் போதும். பழுப்புக் கம்பி இரவில் எரியும் பின்விளக்குகளுக்கு, மஞ்சள் இடப்புறத்துக்கு, பச்சை வலப்புறத்துக்கு, வெள்ளை எர்த். அப்படியானால் பிரேக் விளக்குக்குக் கம்பி எங்கே என்று கேட்கத் தோன்றும். பின்புற இண்டிகேட்டர் சிவப்பாகவும் இருக்கலாம் என்று அமெரிக்க விதி இடம் கொடுத்திருப்பதால், ஒரே சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால் பிரேக் என்றும், விட்டு விட்டு எரிந்தால் திருப்பம் என்றும் அந்நாட்டார் ஒரு கம்பிக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் இண்டிகேட்டர் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவே இருக்கவேண்டுமாதலால் அங்கே இந்தச் சிக்கனம் செல்லாது. இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் தனித்தனியாக அமைந்த வாகனத்தோடு அமெரிக்க டிரெய்லரை இணைக்கிறவர், மூன்று கட்டளைகளை இரண்டு கம்பிகளில் அடக்கித் தருகிற ‘கன்வெர்ட்டர்’ என்னும் சிறு பெட்டியை நடுவே வைத்தாக வேண்டும்.

பாரம் ஏறினால் நான்கு ஏழாகும். டிரெய்லரின் மின்சார பிரேக்குக்கு நீலம், அதிலுள்ள பாட்டரிக்கு மின்னேற்றக் கறுப்பு, பின்னோக்கிச் செல்கையில் எரியும் வெள்ளை விளக்குக்கு நடுமுனை. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு, மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமாதலால், ஏழு முனை சாக்கெட்டே பெரிய பிக்கப்புகளில் வழக்கமாகிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிறம் என்பது ஒரு சம்பிரதாயமேயன்றி இயற்கை நியதி அன்று. பிக்கப்பின் தட்டை முனைச் சாக்கெட்டில் எந்நேரமும் 12 வோல்ட் ஏந்தி நிற்கிற அதே கறுப்பு, பெரிய சரக்கு லாரிகளின் உருண்டை முனைச் சாக்கெட்டில் ஓர விளக்குகளுக்குப் போகிறது. இங்கே பிரேக்கை இயக்குகிற நீலம் அங்கே வேறு காரியம் செய்கிறது: 1998 மார்ச் முதல் தேதிக்குப் பின் தயாரான கனரக டிரெய்லர்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் சாதனத்துக்கு நிரந்தர மின்சக்தி தருவது அதுவே. இரண்டு சாக்கெட்டுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தமாட்டாவாதலால் கைதவறிச் செருகிவிட வழியில்லை. ஆனால் பழைய கேபிளை வெட்டி, நிறத்துக்கு நிறம் முறுக்கி ஒட்டுகிறவரை அந்தப் பொருந்தாமை காப்பாற்றாது. போதாததற்கு, சாக்கெட்டை முன்பக்கமிருந்து பார்த்து வரைந்த படமும், கம்பி முடுக்குகிற பின்பக்கமிருந்து வரைந்த படமும் இடம் வலம் மாறியிருக்கும். ஆகையால் நிறத்தைக் கண்டு செய்கிற அனுமானத்தை ஒதுக்கிவிட்டு, டிரக்கில் ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு விளக்காகப் போடச்சொல்லி, டெஸ்ட் லாம்பு எந்த முனையில் எரிகிறது என்று பார்க்கிற பிரத்தியட்சப் பிரமாணத்தையே நம்பவேண்டும்.

வெள்ளைக் கம்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; ஏனெனில் டிரெய்லர் விளக்குகளின் கோளாறுகளில் பெரும்பங்கு இதன் மூலம் வருவதே. மற்ற ஆறு கம்பிகளும் வெவ்வேறு வழிகளில் கொண்டுபோகிற மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிவர இது ஒன்றே பாதை. இரும்புக் குமிழும் அதன்மேல் அமர்ந்த கிண்ணமும் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன, எர்த்துக்குத் தனிக்கம்பி எதற்கு என்று எண்ணி இதை விட்டுவிடுவோர் உண்டு. துருவும் கிரீஸும் படிந்து, மேடுபள்ளங்களில் குலுங்குகிற அந்த இணைப்பை நம்புவது விவேகமன்று. ஒரே பல்பில் 8 வாட் இழை பின்விளக்குக்கும் 27 வாட் இழை பிரேக்குக்கும் திருப்பத்துக்குமாக அமைந்திருக்க, இரண்டுக்கும் பொதுவான எர்த் அறுந்துபோனால், இடப்புறத் திருப்பத்துக்காக வந்த மின்சாரம் திரும்பிப்போக வழி காணாமல் சின்ன இழையின் வழியே ஏறிப் பழுப்புக் கம்பியைப் பிடித்து, அதனோடு சம்பந்தப்பட்ட மற்ற விளக்குகளின் வழியாக எர்த்தைத் தேடிப்போகும். அப்பொழுது இடப்புறம் சிமிட்டவேண்டியது மங்கலாக எரியும். சம்பந்தமில்லாத விளக்குகள் சிமிட்டும். வண்டிக்காரர் பல்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைச் செலவழிப்பார்; குற்றமோ டிரக்கின் சட்டத்தில் துருப்பிடித்துக் கிடக்கிற ஒரு திருகாணியில் இருக்கும்.

நீலக் கம்பிக்கு வேண்டியது பருமன். மின்சார பிரேக் ஒவ்வொன்றிலும் ஒரு மின்காந்தம் உண்டு. அது சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். இரண்டு அச்சுள்ள டிரெய்லரில் நான்கு பிரேக்குகள், ஆக 12 ஆம்பியர். கம்பியின் நீளம் 10 மீட்டர் என்று கொள்வோம். அமெரிக்க அளவில் 16 ஆம் எண் கம்பியைப் போட்டால் (அங்கே எண் பெருகப் பெருகக் கம்பி மெலியும் என்பது ஒரு வேடிக்கை) போகிற வழியிலும் வருகிற வழியிலுமாகப் பாட்டரி தந்த வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துபோகும்; 12 ஆம் எண்ணைப் போட்டால் நஷ்டம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விளக்கு சற்று மங்கினால் சகித்துக்கொள்ளலாம். மலைச் சரிவில் இறங்குகையில் பிரேக் மங்கினால் சகிக்கமுடியாது. டிரெய்லர் கழன்றே போகும் ஆபத்துக்கும் ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள்: டிரக்கில் கட்டிய சிறு வடம் இழுபட்டு ஊசி பிடுங்கப்பட்டதும், டிரெய்லரின் சொந்தப் பாட்டரியே அதன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். குறைந்தது 15 நிமிஷம் அந்தப் பிடி தளரக்கூடாது என்பது அந்நாட்டு மத்திய அரசின் வாணிப வாகன விதி.

கறுப்புக் கம்பிக்குப் பாட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் வைக்கவேண்டும். தூரத்தில் வைத்தால் நடுவேயுள்ள கம்பிக்குப் பாதுகாப்பில்லை. இணைப்புகளைப் பொறுத்தவரை, கம்பியின் மேலுறையைக் கடித்துக்கொண்டு நிற்கிற மலிவான கிளிப்புகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மிச்சிகன், ஒஹாயோ போன்ற வடமாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் தூவுகிற உப்பு அந்தக் கடிவாயின் வழியே உட்புகுந்து தாமிரத்தைப் பச்சைப் பொடியாக்கிவிடும். அழுத்திப் பிணைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுவதே சிலாக்கியம். புதிய டிரக்குகளிலோ விளக்குகளைக் கணிப்பொறி கண்காணிப்பதால், பின்விளக்குக் கம்பியை நேரே வெட்டி ஒட்டாமல், அந்தந்த மாதிரிக்கென்று விற்கிற இடைக் கேபிளைச் செருகிவிடுவது நல்லது.

வேலை முடிந்தபின் சோதிக்கும்போது பலர் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். தேய்ந்த எர்த் ஒரு விளக்கைத் தாங்கும், நான்கைத் தாங்காது. ஆகவே இரவு விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே இடப்புற இண்டிகேட்டரையும் தட்டி, ஒருவர் பின்னால் நின்று பார்க்கவேண்டும்: வலப்பக்கம் அசையாமல் பிரகாசமாக எரிய, இடப்பக்கம் மட்டும் சிமிட்டினால் வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்.