அபிராமம் டு அரிச்சல்முனை... உங்க டூரிங் பைக்ல முதல்ல எதை மாட்டணும்?

அரிச்சல்முனையில போட்டோ எல்லாம் எடுத்து முடிச்சு, ராமேஸ்வரத்துல ஒரு டீயைப் போட்டுட்டு ஊருக்குத் திரும்பிட்டு இருக்கீங்க. உச்சிப்புளி தாண்டும்போது நல்லா இருட்டிடுச்சு. போன வாரம் நீங்களே மாட்டின ஃபாக் லேம்ப்பை ஆன் பண்றீங்க. பத்து நிமிஷத்துல பிளாஸ்டிக் கருகுற வாசனை. அடுத்த நொடி ஃபாக் லேம்ப், ஹெட்லைட், டெயில் லைட் எல்லாமே அவுட். பின்னாடி ஒரு லாரி வந்துட்டு இருக்கு. அந்த டிரைவர் கண்ணுக்கு நீங்க இப்போ தெரியவே மாட்டீங்க.

இந்த நிலைமைக்குக் காரணம் பெரிய கோளாறு எதுவும் இல்லை. டீ செலவுல வாங்கக்கூடிய ஒரு ஃபியூஸ் போடாமல் விட்டதுதான்!

டூரிங் பைக் வாங்கின உடனே கை சும்மா இருக்காது. ரேக், பாக்ஸ், லைட், போன் ஹோல்டர்னு ஆன்லைன் கார்ட் நிறைஞ்சுடும். மாட்டுறதுல தப்பே இல்லை. ஆனா, எதை முதல்ல மாட்டணும், எப்படி மாட்டணும்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. அபிராமத்துல கிளம்பி, பரமக்குடி, ராமநாதபுரம், பாம்பன் வழியா அரிச்சல்முனை போய்த் திரும்பினா 250 கி.மீ-க்கு மேல ஆகிடும். முள், வெயில், கடல் காத்து, உப்புன்னு எல்லாமே ஒரே நாள்ல வரும். இந்த ரூட்டை வெச்சே பார்த்துடலாம்.

முதல் செலவு டயருக்கு!

கமுதி, முதுகுளத்தூர் பக்கம் ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம்தான். கரிமூட்டத்துக்கு வெட்டிக் கொண்டுபோற வண்டியில இருந்து விழுற முள்ளு, டயருக்கு எமன். அதனால முதல் ஆக்சஸரி பஞ்சர் கிட்தான்.

உங்க பைக் டியூப்லெஸ்னா வேலை சுலபம். பஞ்சர் போடுற ஸ்டிரிப், குத்தூசி, காத்தடிக்கிற பம்ப் போதும். வீட்டு வாசல்ல வெச்சு ஒரு பழைய டயர்ல ரெண்டு தடவை போட்டுப் பழகிக்கோங்க. டியூப் வெச்ச ஸ்போக் வீலா? அப்போ ஸ்பேர் டியூப், ரெண்டு டயர் லீவர், வீலைக் கழற்றுற ஸ்பேனர் மூணும் கட்டாயம்.

டயரோட பக்கவாட்டுல இருக்கிற முக்கோணக் குறிக்கு நேரா, பட்டனுக்கு நடுவுல சின்ன மேடு இருக்கும். ரப்பர் தேய்ஞ்சு அந்த மேட்டைத் தொட்டுடுச்சுன்னா, லைட்டுக்கு வெச்சிருக்கிற காசை டயருக்கு மாத்துங்க. ஹெல்மெட்டுல ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்கவே கூடாது.

ஒயரிங்... இங்கேதான் கவனம்!

நிறைய பேர் செய்யும் தப்பு, ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி அதுலயே எக்ஸ்ட்ரா லைட்டை முறுக்கி விடுறது. கம்பெனி அந்த ஒயரை ஹெட்லைட்டுக்கு மட்டும்தான் கணக்குப் போட்டு வெச்சிருக்கு. கூடுதல் கரன்ட் இழுத்தா ஒயர் சூடாகும், உறை உருகும், ஷார்ட் ஆகும். ஆரம்பத்துல சொன்ன கதை இப்படித்தான் நடக்குது.

கணக்கு ரொம்ப சிம்பிள். வாட்ஸை 12-ஆல் வகுத்தா ஆம்பியர். 20 வாட்ஸ் எல்.இ.டி லைட் ரெண்டு மாட்டினா 40 வாட்ஸ். அதாவது சுமார் 3.3 ஆம்பியர். அதுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 'எதுக்கும் இருக்கட்டும்'னு 20 ஆம்பியர் போட்டா, ஃபியூஸ் போறதுக்கு முன்னாடி ஒயர் எரிஞ்சுடும். ஃபியூஸ் காப்பாத்துறது லைட்டை இல்லை, ஒயரை. அதனாலதான் அதை பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்துல வைக்க முடியுமோ, அவ்வளவு பக்கத்துல வைக்கணும்.

அடுத்து ரிலே. இது சின்ன கரன்ட்டால பெரிய கரன்ட்டை ஆன் பண்ற சுவிட்ச். அடியில நம்பர் போட்டிருக்கும்:

* 30: பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஃபியூஸ் வழியா வர்ற ஒயர்.
* 87: லைட்டுக்குப் போற ஒயர்.
* 86: சாவி போட்டா மட்டும் கரன்ட் வர்ற ஒயர், உங்க சுவிட்ச் வழியா.
* 85: நெகட்டிவ்.

இப்படி மாட்டினா லைட்டுக்கான கரன்ட் நேரா பேட்டரியில இருந்து போகும். பழைய ஒயர்ல பாரம் ஏறாது. சாவியை எடுத்தா லைட்டும் அணைஞ்சுடும். வேலையை ஆரம்பிக்கும்போது பேட்டரி நெகட்டிவை முதல்ல கழற்றுங்க, கடைசியா மாட்டுங்க. ஒயரை ஹேண்டில் பக்கம் இழுக்கும்போது, ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. எங்கேயாவது இழுத்துப் பிடிச்சா, ஒருநாள் அறுந்துடும்.

யூ.எஸ்.பி சார்ஜரையும் சாவி லைன்லயே கொடுங்க. நேரா பேட்டரியில கொடுத்தா, அதுல எரியுற குட்டி நீல லைட்டும் உள்ளே இருக்கிற சர்க்யூட்டும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுத்தாக்கூட ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-ஹவர் போயிடும். 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, எட்டே நாள்ல பாதி காலி. லீவு முடிஞ்சு வந்து செல்ஃப் அடிச்சா 'டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான் வரும். காத்தடிக்கிற 12 வோல்ட் பம்ப் 8, 10 ஆம்பியர்கூட இழுக்கும். அதை யூ.எஸ்.பி லைன்ல கொடுக்காதீங்க. தனி ஃபியூஸோட பேட்டரியில இருந்து தனி ஒயர் வேணும்.

பாம்பன்ல பெட்டி பறக்குமா?

1988-ல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் 2 கி.மீ-க்கு மேல் நீளம். பக்கத்துல பழைய ரயில் பாலம் பயன்பாட்டுல இருந்தப்போ, காத்து மணிக்கு 58 கி.மீ வேகத்தைத் தாண்டினா ரயிலையே நிறுத்தி வெச்சாங்க. அப்போ பைக் எம்மாத்திரம்?

பெட்டி உயரமும் அகலமும் கூடக்கூட, பக்கவாட்டுக் காத்துக்குப் பாய்மரம் விரிச்ச மாதிரிதான். அதனால கனமான சாமானை (டூல்ஸ், தண்ணி, ஸ்பேர் டியூப்) சைடு பேக்குல கீழேயும் முன்பக்கமாவும் வையுங்க. மேல இருக்கிற டாப் பாக்ஸுல ரெயின்கோட், துணி மாதிரி லேசான சாமான் மட்டும். ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கணும். ஆள், பெட்டி, சாமான் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஏத்தலாம்னு மேனுவல்ல இருக்கும். டபுள்ஸ் போறப்போ அந்த அளவு சீக்கிரமே முடிஞ்சுடும். சாமான் ஏத்தினதும் டயர் பிரஷரையும் பின் சஸ்பென்ஷன் பிரீலோடையும் அதுக்கேத்த மாதிரி மாத்துங்க.

கொக்கி வெச்ச எலாஸ்டிக் கயிறு வேண்டாம். அது கழன்டா கண்ணுல அடிக்கும், இல்லைன்னா வீல்ல சுத்தும். பக்கிள் வெச்ச பட்டை ஸ்ட்ராப்தான் பாதுகாப்பு. மிச்சமா தொங்குற நுனியையும் முடிச்சுப் போட்டு அடக்கி வையுங்க.

போனுக்கும் ஒரு வார்த்தை

பைக் இன்ஜினோட அதிர்வு ஐபோன் கேமராவோட ஸ்டெபிலைசேஷனைப் பாதிக்கலாம்னு ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரிச்சது. வைப்ரேஷன் டேம்பர் இல்லாத ஹோல்டர் வாங்காதீங்க. டேம்பர் இருந்தாலும், மேப் தேவையில்லாத நேரான ரோட்டுல போனைப் பாக்கெட்டுல வெச்சுடுங்க. நம்ம ஊர் வெயில்ல ஹேண்டில்ல இருக்கிற போன் சூடாகி ஆஃப் ஆகிடும்ங்கிறது தனிக்கதை.

கூடவே வர்ற உப்பு

1964 புயல்ல அழிஞ்ச தனுஷ்கோடிக்கு, 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் புது ரோடு வந்தது. ரெண்டு பக்கமும் கடல். சூப்பரா இருக்கும். ஆனா அந்தக் காத்துல வர்ற உப்பு, செயின், போல்ட், ஒயர் கனெக்டர்னு எல்லா இடத்துலயும் உட்கார்ந்துடும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில மெதுவா கழுவுங்க. வீல் பேரிங், கனெக்டர் மேல பிரஷர் வாட்டரைப் பீய்ச்சி அடிக்காதீங்க. காஞ்சதும் செயின் லூப் போடுங்க. நீங்களா மாட்டின கனெக்டர்கள்ல டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவினா பச்சை பூக்காது. ரேக்குக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் நல்லதுதான். ஆனா, அது அலுமினியத்துல போய் உட்கார்ற இடத்துல உப்பு சேர்ந்தா அலுமினியம் அரிச்சு, போல்ட் அப்படியே இறுகிடும். மரையில ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவிட்டு மாட்டுங்க.

ஆர்.டி.ஓ என்ன சொல்றார்?

கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டுமே கிடைக்கலாம். போல்ட் போட்டுக் கழற்றி மாட்டக்கூடிய ரேக், ஹேண்ட்கார்டு, போன் ஹோல்டருக்கெல்லாம் பொதுவா பிரச்னை வர்றதில்லை. சைலன்சரை மாத்துறது, சேஸிஸை வெட்டி வெல்டிங் வைக்கிறது, ஏர்ஹார்ன் இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பெட்டிக்கும் அளவு இருக்கு. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்குள் இருக்கணும். பின் சீட்டு மேலயே பெட்டி வெச்சா, நீங்க மட்டும்தான் போகலாம். வாரன்டி இருக்கிற வண்டின்னா, ஒயரை வெட்டுறதுக்கு முன்னாடி ஷோரூம்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கடைசியா ஒரு டெஸ்ட்

எதை மாட்டினாலும் உடனே லாங் டிரிப் கிளம்பாதீங்க. அபிராமத்துல இருந்து கமுதி வழியா முதுகுளத்தூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. வந்து நிறுத்தினதும் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்க. ஏதாவது ஒண்ணு லூஸாகியிருக்க வாய்ப்பு உண்டு. ஃபியூஸ் ஹோல்டரையும் ஒயரையும் தொட்டுப் பாருங்க. கை சுட்டா, கணக்கு எங்கேயோ தப்பியிருக்கு.

எல்லாம் சரியா இருந்தா, ரெண்டு ஸ்பேர் ஃபியூஸை சீட்டுக்கு அடியில டேப் போட்டு ஒட்டிட்டுக் கிளம்புங்க. அரிச்சல்முனையில சூரியன் இறங்குறதுக்குள்ள திரும்பிடுங்க. வீட்டுல உங்களுக்காக ஒருத்தர் வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க!