அறிஞரும் பட்டறையும்

புதிதாகத் தொடங்கிய தொழில் நிறுவனமொன்று பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர் ஒருவரின் துணையை நாடுவது இந்நாளில் சாதாரண நிகழ்ச்சி. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது எளிது. இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்குகிறது. நிறுவனத்துக்கோ அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றிய கவலை. ஆராய்ச்சியாளருக்கோ உண்மை புலப்படும்வரை மன அமைதி இல்லை. இவ்விருவரும் எங்ஙனம் ஒத்துழைப்பது? ஜெர்மனியிலுள்ள யேனா நகரத்தின் வரலாற்றைக் காட்டிலும் இதற்குச் சிறந்த விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அங்கே கார்ல் சைஸ் என்பவர் 1846ஆம் ஆண்டில் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். பின்னர் நுண்ணோக்கிகள் செய்து விற்றுவந்தார். கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, உருவம் தெளிவாகத் தெரிந்தவுடன் நிறுத்திக்கொள்வதே அக்காலத் தொழில்முறை. கைதேர்ந்த தொழிலாளிக்கும் இன்று வாய்த்தது நாளை வாய்க்காது. முன்னரே கணக்கிட்டு வில்லைகளைச் செய்ய இயலாதா என்ற வினா சைஸின் உள்ளத்தில் எழுந்தது. 1866இல் அவ்வினாவை யேனா பல்கலைக் கழக ஆசிரியர் எர்னஸ்ட் ஆபேயிடம் கொண்டு சென்றார். ஆபேக்கு அப்போது வயது 26.

ஆபே கணக்கிட்டார். வில்லைகளின் குறைகளைக் களையக் கருதி, ஒளி புகும் வாயிலைக் குறுக்கினார். அவ்வாறு செய்த வில்லைகள் பழையவற்றைவிட மோசமாக இருந்தன! பல கூட்டு முயற்சிகள் முறிந்துபோவது இத்தகைய கட்டத்திலேதான். சைஸ் முறித்துக்கொள்ளவில்லை. ஆபேயும் பூசி மெழுகாமல், தோல்வியின் காரணத்தையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். நுண்ணிய பொருளின்மீது பட்ட ஒளி நேரே செல்வதோடு நில்லாமல் பக்கங்களிலும் விரிகிறது. விரிந்த அவ்வொளியை வில்லை போதிய அளவு ஏற்காவிடில், எத்துணை பெருக்கினாலும் நுட்பங்கள் தென்படா. வாயிலைக் குறுக்கியதே பிழை! 1872இல் சைஸ் பட்டறையின் நுண்ணோக்கிகள் ஆபேயின் கணக்கின்படி உருவாயின. தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்றைய முதலீட்டாளருள் அத்தனை காலம் பொறுப்பவர் எத்தனை பேர்?

மறு ஆண்டே ஆபே தம் கொள்கையை உலகறிய வெளியிட்டார். இன்றைய ஒப்பந்தங்களில் பெருஞ் சச்சரவுக்கு இடமாவது இந்த வெளியீடுதான். கட்டுரையைப் படித்த மாத்திரத்தில் அத்தகைய வில்லையைத் தேய்த்துவிட முடியுமா? கொள்கை உலகுக்குச் சென்றது. கைத்திறம் பட்டறையிலேயே நின்றது. எல்லாத் துறைக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். மருந்து போன்றவற்றில், வெளியிடுமுன் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுவதே முறை.

1876இல் சைஸ் ஆபேயைப் பங்காளியாக்கிக்கொண்டார். கணக்கு சரியாக இருந்தும் அதற்கேற்ற கண்ணாடி கிடைக்காத குறை எஞ்சியிருந்தது. ஓட்டோ ஷாட் என்னும் வேதியியலறிஞரைச் சேர்த்துக்கொண்டு, 1884இல் யேனாவிலேயே கண்ணாடி ஆய்வுக்கூடம் நிறுவினர். நிறப்பிழை பெரிதும் நீங்கிய வில்லைகள் 1886இல் வெளிவந்தன.

சைஸ் 1888இல் காலமானார். அடுத்த ஆண்டு, அவர் பெயராலேயே ஆபே ஓர் அறநிலையம் அமைத்துப் பின்னர்த் தம் பங்கையும் அதற்கே எழுதிவைத்தார். அதன் வருவாயில் ஒரு பகுதி, அவர் பாடம் சொல்லிக்கொடுத்த யேனா பல்கலைக் கழகத்துக்குச் சென்றது.