மூன்று செங்கல் அடுப்பு

மாசி மாதத்தில் ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்காலை நாளன்று, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் சாலையோரங்களில் செங்கல் அடுப்புகள் வரிசை வரிசையாக எழும். மலையாளத்திலும் அதற்கு அடுப்பு என்பதே பெயர். 2009ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு கூறுகிறது.

அடுப்புக்கு மூன்று செங்கற்களே போதும். நான்கு வைத்தால், ஒன்று சற்றுத் தாழ்ந்தாலும் பானை ஆடும்; மூன்றின்மேல் மேடுபள்ளத்திலும் அசையாது நிற்கும். கற்களுக்கு இடையே விடும் இடைவெளிதான் அடுப்பின் உயிர். அது குறுகினால் காற்றுப் புகாமல் புகை சூழும். அகன்றால் வெப்பம் வீணாகும். காய்ந்த தென்னம்பாளையும் ஓலையும் விரைவில் பற்றிக்கொள்ளும். ஆயினும் புதிய மண்பானை திடீரெனப் பெருந்தீயைத் தாங்காது, விரிசல் விடும். எனவே முதலில் சிறுதீயில் நீரைச் சூடாக்குவர். அரிசி நன்கு வெந்த பின்னரே வெல்லம் சேர்ப்பர். முந்தினால் அரிசி விறைத்துவிடும்.

தீப்பெட்டிக்கு இங்கு வேலை குறைவு. கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டிய தீ, அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறிச் சாலைகளில் பரவும். முன்பின் அறியாதவரும் பக்கத்து அடுப்புக்குத் தீ கொடுப்பர். 2021இல் கொரோனா பரவியபோது சாலைகள் வெறிச்சோடின. பெண்கள் தத்தம் வீட்டு முற்றத்திலேயே அடுப்புக் கூட்டினர்.

பொங்கலிட்டோர் விட்டுச்செல்லும் செங்கற்களை மாநகராட்சி திரட்டி, ஏழைகளுக்கு வீடு கட்டும் பணிக்கு அளிக்கிறது.