படகு இறக்க மணல் வேண்டும்

புதுச்சேரிக்கு வடக்கே கோட்டக்குப்பத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களில் மணல்கரைதான் படகுத்துறை. சரிந்து இறங்கும் மணலில் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு போய், அலை ஓயும் நேரம் பார்த்துக் கடலில் இறக்குவார்கள். திரும்பியதும் அலை எட்டாத மேட்டுக்கு இழுத்து வைப்பார்கள். வலை காய்வதும் அங்கேதான். அந்த மணலோ ஓரிடத்தில் நிற்பதில்லை. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அது தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை வழிமறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை தேய்ந்தது.

தேயும் கரையில் கல் கொட்டினால் வீடுகள் தப்புமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, கூரையைக் கடல் கொண்டுபோகும்போது வேறெதையும் யோசிக்க முடியாது. ஆனால் கற்சுவர் காப்பது தன் முதுகுப்பக்க நிலத்தை மட்டுமே. அதில் மோதித் திரும்பும் அலை முன்னால் உள்ள மணலை அரிக்கிறது. சுவர் முடியும் இடத்தில் அடுத்த குப்பத்தின் கரை கரைகிறது. பாறைமேல் படகைத் தள்ள முடியுமா? வீடு மிஞ்சி, தொழில் போனால் அது பாதி மீட்புதான். போன மணல் திரும்பாது என்பதும் சரியல்ல. புதுச்சேரி தலைமைச் செயலகம் அருகே தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வழிகாட்டுதலில் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின், கற்கள் மட்டுமே இருந்த கரையில் மணல் சேர்ந்தது. ஒரு கரை மணலைப் பிடித்தால் அடுத்த கரைக்குக் குறையும் என்பது உண்மை. அதனால்தான் துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கொண்டுவந்து கொட்ட வேண்டும். அலைத்தடுப்புச் சுவர் மறித்த மணலை மனிதர்தான் கடத்திவிட வேண்டும்.