கோலம் இல்லாத வாசல்

விடிந்து வெகுநேரமாகியும் ஒரு வீட்டு வாசலில் கோலம் விழவில்லையென்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். உள்ளே ஏதோ சரியில்லை என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். நம் ரத்தத்தில் சுற்றும் இயற்கைக் கொல்லி செல்களுக்கும் ஏறக்குறைய இதே கண்தான்.

உடம்பின் செல்கள் அநேகமாக எல்லாமே எம்.ஹெச்.சி. என்ற புரதத்தை மேற்பரப்பில் ஏந்தி நிற்கும். செல்லுக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகள் அதில் தெரியும். வைரஸ் புகுந்துவிட்டால் அதன் துணுக்கும் தெரியும்; அதைப் பார்த்துத்தான் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் அடிக்கின்றன. சில வைரஸ்கள் லேசுப்பட்டவை அல்ல. எம்.ஹெச்.சி.யை மேலே வரவிடாமல் உள்ளேயே சிதைத்துவிடும். வாசல் துடைத்துக் கிடந்தால் டி செல்லுக்குத் துப்பு ஏது? கொல்லி செல்லுக்கோ அந்த வெறும் வாசலே துப்பு.

அது மட்டுமே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. சிவப்பணுக்களில் இந்தப் புரதம் இல்லையென்றே சொல்லலாம்; ஆனாலும் அவற்றைக் கொல்லி செல்கள் தொடுவதில்லை. செல் அவதிப்படும்போது வெளிக்காட்டும் அபாயக் குறிகளும் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால், கொல்லி செல் உமிழும் பெர்ஃபோரின் என்ற புரதம் அந்தச் செல்லின் சவ்வில் ஓட்டை போடும். கிரான்சைம் என்ற இன்னொன்று உள்ளே நுழைந்து செல்லைத் தானாகவே சாகவைக்கும். டி செல் படை திரள ஒரு வாரம்போல ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கொல்லி செல்கள் வேண்டுமே!

1975இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஏவா கிளைன் குழுவினர் எலிகளிடம் கொல்லி செல்களைக் கண்டார்கள். புற்றுசெல்லை முன்பழக்கம் இல்லாமலே கொன்றதால் ‘இயற்கை’ என்ற அடைமொழி. எதைப் பார்த்துக் கொல்கின்றன என்று எல்லாரும் தேட, அங்கேயே கிளாஸ் கேரே 1981இல் தன் ஆய்வேட்டில் கேள்வியைப் புரட்டிப் போட்டார்: இவை தேடுவது இருப்பதை அல்ல, இல்லாததை!

இந்தச் செல்களே இல்லாத ஒரு சிறுமியைப் பற்றிய கட்டுரை 1989இல் மருத்துவ இதழொன்றில் வெளியானது. வயது 13. டி செல்கள் இருந்தும், பெரும்பாலான குழந்தைகள் கடந்துவிடும் சின்னம்மை அவளைக் கடுமையாகத் தாக்கியது. பிறகு சைட்டோமெகலோ வைரஸ், அதன்பின் ஹெர்ப்பிஸ்.

அந்தச் சைட்டோமெகலோ வைரஸ்தான் இந்த ஆட்டத்தில் எமகாதகன். வாசலைத் துடைத்த கையோடு, எம்.ஹெச்.சி. போலவே தோன்றும் புரதமொன்றைத் தானே செய்து மாட்டிவிடுகிறது. பொய்க்கோலம்! எலிகளைத் தாக்கும் அதன் உறவுக்கார வைரஸுக்கும் இதே பழக்கம் உண்டு. ஆனால் ஒரு வகை ஆய்வக எலியின் கொல்லி செல்கள், அந்தப் பொய்க்கோலத்தையே அடையாளம் வைத்துக்கொண்டு பாய்கின்றன.